மூத்த பையனுக்கு வெறும் ஆறு பென்ஸா? ஒரு மேங்க்ஸ் விவசாயியோட உயில் பத்தி சந்தேகம்

மீனா_லிவர்பூல்:

எல்லாருக்கும் வணக்கம். இத்தனை நாளா படிச்சுட்டு மட்டும் போயிட்டிருந்தேன், இப்ப ஒரு உதவி வேணும். என் வீட்டுக்காரர் இங்கிலாந்துக்காரர், அவர் அம்மா வழி பூராவும் ஐல் ஆஃப் மேன், மேங்க்ஸ்னு சொல்றது அந்த ஊர்க்காரங்களைத்தான். இங்கிலாந்துக்கும் அயர்லாந்துக்கும் நடுக்கடல்ல கிடக்குற அந்தத் தீவுதான், பைக் ரேஸ் நடக்குமே அது. மாமியார் குடும்ப வரலாறு எழுதியே தீருவேன்னு உக்காந்திருக்காங்க, ஆனா அவங்களுக்குக் கண் சரியா தெரியல, அதனால பழைய கையெழுத்தைப் படிக்கிற வேலை என் தலையில விழுந்துடுச்சு.

கையில இருக்கிறது ஒரு உயிலோட காப்பி. தெற்குக் கோடியில ரஷ்ஷென்னு ஒரு பாரிஷ் (ஒரு சர்ச்சுக்கு உட்பட்ட வட்டாரம்), அங்க இருந்த விவசாயி, படுத்த படுக்கையா இருக்கும்போது எழுதினது. தேதி பிப்ரவரி 1734. மூத்த பையனுக்கு ஆறு பென்ஸ். ரெண்டாவது பையனுக்கு ஒரு கிடாரியும் ஹெர்ரிங் மீன் வலையில பாதியும். கல்யாணமாகிப் போன மகளுக்கும் ஆறு பென்ஸ். தம்பிக்கு தன்னோட நல்ல கோட்டு. பாரிஷ்ல இருக்கிற ஏழைங்களுக்குக் கொஞ்சம் மாவு. அப்புறம் கடைசியா இருக்கிற ரெண்டு சின்னப் பொண்ணுங்களையும் எக்ஸிக்யூட்டர்னு போட்டிருக்கு. மாமியார் கணக்குப்படி அதுங்களுக்கு வயசு ஆறு, ஒன்பது! அந்த வயசுல எப்படிங்க உயிலை நிறைவேத்தும்?

இவங்க பெரிய நிலம் வெச்சிருந்த குடும்பம்னு வீட்டுல எல்லாரும் சொல்வாங்க, ஆனா உயில்ல நிலம்ங்கிற பேச்சே இல்ல. வெறும் பானை, கம்பளி, ஆடு, வலை. கூட ஒரு பேப்பர்ல நாலு பேர் சத்தியம் பண்ணிப் போட்ட சாமான் லிஸ்ட் இருக்கு, அதுலயும் நிலம் இல்ல. மனைவி பேர் வேற குழப்பம், ஒரு குடும்பப் பேர் போட்டு நடுவுல "அலையஸ்"னு எழுதி இன்னொரு பேர், நம்ம ஊர் போலீஸ் எஃப்ஐஆர் மாதிரி. மூத்தவனுக்கு "கார்ப்ஸ்" சேரணும்னு ஒரு வரி, முதல்ல பொணம்னு படிச்சு பயந்துட்டேன்.

இன்னொண்ணு, சர்ச் பதிவேட்டுல அவரை அடக்கம் பண்ணினது ஏப்ரல் 1735. அப்ப உயில் எழுதிட்டு பதினாலு மாசம் படுக்கையில கிடந்தாரா? யாருக்காவது இந்த ஊர் வழக்கம் தெரிஞ்சா சொல்லுங்க.

ராஜா_தாம்பரம்:

இதுல என்னங்க புதிர். அப்பனுக்கும் மூத்தவனுக்கும் ஆகல, ஆறு பென்ஸைக் குடுத்து போடான்னு அனுப்பிட்டார். எந்த ஊரா இருந்தா என்ன, சொத்துன்னு வந்தா எல்லா வீட்டுலயும் இதே கதைதான். மகளும் அப்பாவுக்குப் பிடிக்காத இடத்துல கல்யாணம் பண்ணிருக்கும், அதான் அவளுக்கும் ஆறு.

பழங்கணக்கு:

ராஜா சார், அவசரப்படாதீங்க. அந்த ஆறு பென்ஸ் வாங்கின மூத்தவர்தான் அந்த வீட்டுலயே பெரிய பங்கு வாங்கினவர்.

மீனா, மேன் தீவுல அந்தக் காலத்துல நிலமும் சாமானும் தனித்தனிப் பாதையில போகும். பரம்பரையா வந்த நிலத்தை உயில்ல எழுத வேண்டியதே இல்ல, வழக்கப்படி அது மூத்த பையனுக்குத் தன்னால போயிடும். பையன் இல்லேன்னா மூத்த பொண்ணுக்கு. இங்கிலாந்துல பையன் இல்லாத வீட்டுல பொண்ணுங்க எல்லாருக்கும் சமமாப் பிரியும், இங்க அப்படிக் கிடையாது, மூத்தவளுக்கு மொத்தமாப் போகும். அதனாலதான் நிலத்தைத் துண்டு போடாம குவார்ட்டர்லேண்ட்னு சொல்ற அந்தப் பழைய பண்ணைங்க தலைமுறை தலைமுறையா ஒரே அளவுல நின்னுச்சு. உயில் எழுதுறது மிச்சத்துக்கு மட்டும்தான், மாடு, ஆடு, பானை, துணி, கடன். ஆக உயில்ல நிலம் இல்லேன்னா நிலமே இல்லைன்னு அர்த்தம் கிடையாது, சண்டை போட ஆள் இல்லாத அளவுக்கு அது யாருக்குன்னு ஊருக்கே தெரியும்னு அர்த்தம்.

ஆறு பென்ஸ் விஷயம் என்னன்னா, அசையும் சொத்துல பிள்ளைங்க எல்லாருக்கும் கேக்குறதுக்கு உரிமை உண்டு. ஒரு பிள்ளை பேர்ல ஒரு சின்னத் தொகையாவது எழுதி வெச்சுட்டா அதுக்கு மேல அந்தப் பிள்ளை கோர்ட்டுல வந்து நிக்க முடியாது. நிலம் கிடைச்ச மூத்தவன், கல்யாணத்துல தன் பங்கை வாங்கிட்டுப் போன மகள், இவங்க ரெண்டு பேருக்கும்தான் பெரும்பாலும் ஆறு பென்ஸ் இல்லேன்னா ஒரு ஷில்லிங் வரும். கோவத்துல எழுதினது இல்ல, கணக்கை முடிக்கிறதுக்கு எழுதினது. ஒருத்தரை விட்டுட்டா அவர் நாளைக்கு வந்து என்னை மறந்துட்டாங்கன்னு சொல்லலாம் பாருங்க, அதுக்கு இடம் குடுக்கல.

எக்ஸிக்யூட்டர் பத்தியும் சொல்லிடறேன், இதுலதான் நிறைய பேர் தடுக்கி விழறாங்க. நாம நினைக்கிற மாதிரி அங்க எக்ஸிக்யூட்டர்னா உயிலை நிறைவேத்துற வேலையாள் இல்ல. பேர் சொல்லிக் குடுத்தது எல்லாம் போக மீதி முழுக்க யாருக்கோ அவங்கதான் எக்ஸிக்யூட்டர். அந்த ரெண்டு சின்னப் பொண்ணுங்களுக்குத்தான் வீட்டுச் சாமான் அத்தனையும் போயிருக்கு. வயசு பத்தாததால கோர்ட்டு சொந்தக்காரங்கள்ல ரெண்டு மூணு பேரை சூப்பர்வைசர்னு நியமிக்கும், அப்பா வழியில ஆள், அம்மா வழியில ஆள். உங்க பேப்பரோட பின்பக்கமோ அடியிலயோ அந்தப் பேருங்க இருக்கும், நல்லாப் பாருங்க. குடும்ப வரலாறு எழுதறவங்களுக்கு உயிலை விட அந்த வரி பெரிய புதையல், அம்மாவோட அண்ணன் தம்பி யாருன்னு அங்கதான் தெரியும்.

மீனா_லிவர்பூல்:

ஐயோ பழங்கணக்கு அண்ணா, பின்பக்கம் இருக்கு! நாலு பேர், அதுல ரெண்டு பேருக்கு அந்த அலையஸுக்கு முன்னாடி வந்த பேர்தான் குடும்பப் பேர். மாமியார் கிட்ட படிச்சுக் காட்டினேன், நாற்காலியை விட்டு எழுந்துட்டாங்க. அப்ப அந்த அலையஸ் என்னன்னு யாராவது சொல்லுங்களேன்.

தேவி_நூலகம்:

மீனா, அது கல்யாணத்துக்கு முன்னாடி இருந்த பேரையும் பின்னாடி வந்த பேரையும் சேத்து எழுதற முறை, வேற ஒண்ணும் இல்ல. கெல்லி வீட்டுப் பொண்ணு குவேல் வீட்டுக்கு வாக்கப்பட்டா ரெண்டு பேரையும் அலையஸ் போட்டு எழுதுவாங்க, எது முன்னாடி வரும்னு எழுதறவரைப் பொறுத்தது. நிறைய பதிவுல பொண்ணுங்க பிறந்த வீட்டுப் பேர்லயே சாகிற வரைக்கும் இருப்பாங்க. இங்கிலாந்துப் பதிவேடு தேடறவங்க பெண்கள் பக்கம் போனதும் முட்டி நிப்பாங்க, மேங்க்ஸ் பக்கம் தேடறவங்களுக்கு அந்தத் தலைவலி பாதி குறைவு.

அதை விட முக்கியமான ஒண்ணு. அந்த மனைவியோட உயிலையும் தேடுங்க. மேன் தீவுல வீட்டுச் சாமான்ல பாதி மனைவியோடது, புருஷன் தன் பாதியை மட்டும்தான் எழுத முடியும். புருஷன் உயிரோட இருக்கும்போதே பொண்டாட்டி தன் பாதிக்குத் தனியா உயில் எழுதலாம், எழுதியும் இருக்காங்க. இங்கிலாந்துல கல்யாணமான பெண்ணுக்கு அந்தச் சுதந்திரம் 1882 சட்டத்துக்கு அப்புறம்தான் ஒழுங்கா வந்துச்சு. அதனால உங்க விவசாயி உயில்ல மனைவிக்கு ஒண்ணுமே எழுதலைன்னு பாத்து வருத்தப்படாதீங்க, அவங்களுக்கு இவர் குடுக்க வேண்டியது இல்ல, ஏற்கனவே அவங்களோடதுதான்.

இதுக்கு ஒரு பழங்கதையும் உண்டு. 1098ல சான்ட்வாட்ங்கிற இடத்துல வடக்குக்காரங்களும் தெற்குக்காரங்களும் மோதிக்கிட்டாங்க, வடக்கு ஜெயிச்சுது. போர் நடந்தது பழைய வரலாற்றுக் குறிப்பேட்டுலயே இருக்கு. ஒரு பக்கத்துப் பெண்கள் இறங்கி வந்து புருஷனுங்களோட சேந்து சண்டை போட்டாங்க, அதுக்குப் பரிசா அந்தப் பக்கத்து விதவைக்குப் பாதி, இன்னொரு பக்கம் மூணுல ஒண்ணுன்னு ஆச்சுன்னு சொல்றதுதான் கதை. எனக்கு இது பின்னாடி சேத்த கதை மாதிரிதான் தோணுது, வழக்கம் முதல்ல இருந்திருக்கும், காரணத்தை அப்புறம் கண்டுபிடிச்சிருப்பாங்க.

கடலோடி_முத்து:

நான் அந்தத் தீவோட தலைநகர் டக்ளஸ்ல ஒரு வருஷம் வேலை பாத்திருக்கேன், லீவு நாள்ல எல்லாம் தெற்குப் பக்கம்தான் சுத்துவேன். மீனாக்கா, உங்க விவசாயி எந்த மாதிரி வீட்டுல இருந்தார்னு பாக்கணும்னா கிரெக்னீஷ் போங்க, அது அதே ரஷ்ஷென் பாரிஷ்தான். ஊரையே அப்படியே மியூசியமா வெச்சிருக்காங்க, 1938லயே திறந்தது. கல்லு சுவர், வைக்கோல் கூரை, காத்து தூக்கிட்டுப் போகாம இருக்க கூரை மேல வலை போட்ட மாதிரி கயித்தைக் குறுக்கும் நெடுக்கும் இழுத்து, சுவர்ல நீட்டிட்டு இருக்கிற கல்லு முளையில கட்டியிருக்கும். கடல்ல இருந்து அடிக்கிற காத்தை ஒரு தடவை முகத்துல வாங்கினா எதுக்கு இத்தனை கயிறுன்னு கேக்க மாட்டீங்க.

உள்ள போனா அடுப்பு மேடை எல்லாம் கிடையாது, தரையோட தரையா நெருப்பு, மேல இருந்து ஒரு இரும்புச் சங்கிலி தொங்கும், அதுல கொக்கி. பானையை உயர்த்தணுமா தாழ்த்தணுமா, அந்தக் கொக்கியை மாத்தி மாட்டினா போதும். ஸ்லௌரின்னு பேர். எரிக்கிறது மலைல வெட்டிக் காய வெச்ச கரி மண்ணு, புகை சட்டையிலயே ரெண்டு நாள் இருக்கும். சும்மா சங்கிலிதானேன்னு நினைக்காதீங்க, அந்த வீட்டுல இரும்புன்னு இருந்ததே அது, பானை, கலப்பைக் கொழு, அவ்வளவுதான். அதனாலதான் ஒரு பானையை யாருக்குன்னு பேர் சொல்லி எழுதறாங்க. கம்பளியும் அப்படித்தான், அந்த ஊர் பழுப்பு நிற லாக்டன் ஆடு, நாலு கொம்பு கூட இருக்கும், பாத்தா பயமா இருக்கும், அதோட மயிரை வீட்டுலயே நூத்து வீட்டுலயே நெய்யறது. கோட்டைத் தம்பிக்கு எழுதினது பெரிய மனசுதான்.

பாதி வலைன்னு வந்திருக்குல்ல, அதுவும் சரியாத்தான் இருக்கு. அங்க விவசாயியும் மீனவனும் ஒரே ஆள். கோடையில இருந்து இலையுதிர் காலம் வரைக்கும் ஹெர்ரிங் பின்னாடி போவாங்க, படகுல பங்கு, வலையில பங்கு, பிடிச்ச மீனும் அந்தப் பங்குப்படி பிரியும். வலையில பாதின்னா ரெண்டாவது பையனுக்கு வருஷா வருஷம் வருமானம்னு அர்த்தம். நிலம் அண்ணனுக்கு, கடல் தம்பிக்கு, பிரிச்ச விதம் எனக்குப் பிடிச்சிருக்கு.

ராஜா_தாம்பரம்:

சரி சரி, பெரியவர் நல்லவர்தான் போல. ஆனா அந்த கார்ப்ஸ் என்னன்னு இன்னும் யாருமே சொல்லலையே, நான் அதுக்குத்தான் காத்துட்டு இருக்கேன்.

பழங்கணக்கு:

அதுவும் மூத்தவருக்கு சாதகமானதுதான் ராஜா சார். வாரிசுக்குன்னு வீட்டுல இருந்து பிரியாம போக வேண்டிய சாமான், ஒவ்வொரு வகையிலயும் நல்லது எதுவோ அது. 1577லயே சட்டப் பதிவுல இருக்கு. ஆம்பளை பக்கம் போர்ச் சட்டை, தலைக்கவசம், வில் அம்பு. அப்ப ஒவ்வொரு பண்ணையும் காவலுக்கு ஆள் அனுப்பணும், கடற்கரையில ராவும் பகலும் முறை வெச்சு நிப்பாங்க, அதனால ஆயுதம் பண்ணையோட இருக்கணும். பெண்கள் பக்கம் நூல் ராட்டை, கம்பளி சீவுற அட்டை, நல்ல பானை, முத்து சொன்ன அந்த அடுப்புச் சங்கிலி கூட அதுல சேரும். உங்க ஆள் காலத்துல வில் அம்பு எல்லாம் போயிருக்கும், பானையும் மேசையும் மாதிரி சாமான்தான் மிஞ்சியிருக்கும். ஆக மூத்தவருக்கு நிலம், அதோட நல்ல சாமான், மேல ஆறு பென்ஸ். போடான்னு அனுப்பினதா இது?

இன்னொரு விஷயம், அந்த ஆறு பென்ஸை இங்கிலாந்துக் காசா நினைச்சு கணக்குப் போடாதீங்க. மேங்க்ஸ் காசு தனி, 1709ல அடிக்க ஆரம்பிச்சது, பதினாலு மேங்க்ஸ் பென்னி சேந்தாத்தான் ஒரு இங்கிலீஷ் ஷில்லிங். 1840ல இதைப் பன்னிரண்டாக்கினப்ப கலவரமே ஆச்சு. சாமான் லிஸ்ட்ல மாட்டு விலை எல்லாம் பாத்துட்டு மாமியார் இங்கிலாந்து விலையோட ஒப்பிடப் போறாங்கன்னா முதல்லயே சொல்லிடுங்க.

மீனா_லிவர்பூல்:

மாமியார் ஏற்கனவே ஒப்பிட்டு ஒரு பக்கம் எழுதிட்டாங்க அண்ணா, நான் எப்படிச் சொல்றதுன்னு யோசிச்சுட்டு இருக்கேன்.

சாமான் லிஸ்ட் கடைசில கடன் பட்டியலும் இருக்கு, நிறைய பேர் இவர் தரணும்னு சொல்லியிருக்காங்க. செத்தவர் கிட்ட யார் போய் கேக்க முடியும், வந்தவங்க சொன்னதை எல்லாம் நம்பிடுவாங்களா?

தேவி_நூலகம்:

கோர்ட்டுல சாட்சி வெச்சு நிரூபிக்கணும் மீனா, சும்மா சொன்னா ஏத்துக்க மாட்டாங்க. அதுக்கு முன்னாடி இருந்த முறையைக் கேட்டா அசந்துடுவீங்க. கடன் குடுத்தேன்னு சொல்றவன் செத்தவரோட சமாதி மேல மல்லாந்து படுக்கணும், நெஞ்சு மேல பைபிள், பக்கத்துல சாட்சிங்க, அப்படியே சத்தியம் பண்ணணும் இத்தனை பணம் எனக்கு வரணும்னு. 1609ல சட்டம் போட்டு நிறுத்திட்டாங்க. உங்க விவசாயி காலத்துக்கு நூறு வருஷத்துக்கு மேல முன்னாடி. நிறுத்தாம விட்டிருந்தா பொய்க்கடன் கேக்கிறவங்க கொஞ்சம் குறைஞ்சிருப்பாங்கன்னு எனக்கு ஒரு நினைப்பு, ஈர மண்ணுல மல்லாந்து படுத்துப் பொய் சொல்றதுக்கு தைரியம் வேணும்ல.

ராஜா_தாம்பரம்:

இது செம. நம்ம பக்கத்து வீட்டுக்காரரை ஒரு தடவை படுக்க வெச்சுப் பாக்கணும்.

கடலோடி_முத்து:

ஒரு சின்ன சேர்க்கை. உயில் இங்கிலீஷ்ல இருக்குன்னு அவர் இங்கிலீஷ்ல சொன்னார்னு எடுத்துக்காதீங்க. 1730கள்ல தெற்குப் பக்கம் வீட்டுல பேசினது மேங்க்ஸ் பாஷைதான், படுக்கையில இருந்தவர் அதுலதான் சொல்லியிருப்பார், பாதிரியாரோ பாரிஷ் கிளார்க்கோ கேட்டுட்டு இங்கிலீஷ்ல எழுதியிருப்பார், அப்புறம் இவர் ஒரு குறி போட்டிருப்பார். அதனால ஊர்ப் பேர், ஆள் பேர் எல்லாம் ஒரே பக்கத்துலயே ரெண்டு விதமா எழுதியிருந்தா குழம்ப வேண்டாம், காதுல விழுந்தபடி எழுதினது.

பழங்கணக்கு:

மீனா, தேதியை மறந்துட்டேன் பாருங்க. உயில் பிப்ரவரி 1734ன்னா நம்ம கணக்குல அது பிப்ரவரி 1735. அங்க 1753ல காலண்டர் மாத்துற வரைக்கும் புது வருஷம் மார்ச் 25க்குத்தான் பிறக்கும், ஜனவரி, பிப்ரவரி எல்லாம் பழைய வருஷத்தோட வால். ஏப்ரல் வந்ததும் 1735 ஆயிடுச்சு. ஆக பதினாலு மாசம் இல்ல, ரெண்டு மாசம்தான் படுத்திருந்தார்.

மனைவி உயிலைத் தேடும்போது ஒண்ணு கவனிங்க, உயிலை எல்லாம் பாத்தது சர்ச் கோர்ட்டு, 1880கள் வரைக்கும் அப்படித்தான். அதுலயும் பிஷப் பக்கம் ஒரு கோர்ட்டு, அவருக்கு அடுத்த பதவியில இருக்கிற ஆர்ச்டீக்கன் பக்கம் ஒரு கோர்ட்டு, வருஷத்தை ரெண்டு பேரும் பங்கு போட்டுக்கிட்டாங்க. எந்த மாசம் செத்தாங்களோ அதைப் பொறுத்து ரெண்டுல ஒரு கட்டுல இருக்கும். ஒரு கட்டுல கிடைக்கலைன்னா இல்லவே இல்லைன்னு விட்டுடாதீங்க. டக்ளஸ்ல மேங்க்ஸ் மியூசியம் லைப்ரரில ரெண்டும் இருக்கு.

நிலத்துக்கு உயிலை நம்பி உக்காராதீங்க, அது வாடகைப் புத்தகத்துல இருக்கும். தீவுக்கே அப்ப ஒரு பிரபு, அவருக்கு வருஷ வாடகை கட்டணும், பண்ணை யார் பேர்ல இருக்குன்னு லீபர் அஸ்ஸெடேஷனிஸ்னு ஒரு புத்தகத்துல பாரிஷ் வாரியா எழுதுவாங்க, ஆள் மாறினா புதுப் பேர் வரும். 1704ல சட்டம் வந்து வாடகையும் வாரிசு உரிமையும் உறுதியானதுக்கு அப்புறம் இந்தப் பதிவு இன்னும் தெளிவா இருக்கும். அதுக்கு முன்னாடி 1600கள்ல நிலத்தைப் பிடுங்கி குத்தகையா மாத்தப் பாத்தாங்க, அந்தப் பயம் ஜனங்களுக்கு ரெண்டு தலைமுறைக்கு இருந்துச்சு, அதைத் தனியா ஒரு நாள் எழுதறேன்.

கடைசியா, மூத்தவரோட கல்யாண ஒப்பந்தம் கிடைக்குதான்னு பாருங்க. நிறைய வீட்டுல அப்பா சாகிற வரைக்கும் காத்திருக்க மாட்டாங்க, மூத்தவன் கல்யாணத்தன்னிக்கே பண்ணையை எழுதிக் குடுத்துட்டு, எங்களுக்கு இந்த அறை, இத்தனை புல்லு, இத்தனை மாட்டுக்கு மேய்ச்சல்னு கிழவன் கிழவிக்கு ஒதுக்கி வெச்சுப்பாங்க. பொண்ணு வீட்டுல என்ன குடுத்தாங்கன்னும் அதுலயே இருக்கும்.

மீனா_லிவர்பூல்:

ஒப்பந்தமா? மாமியார் பெட்டியில உயிலோட சேத்து மடிச்சு வெச்ச இன்னொரு காகிதம் இருக்கு, அது ஏதோ நிலம் வித்த பத்திரம்னு நினைச்சு நாங்க திறக்கவே இல்ல. முதல் வரியில ரெண்டு அப்பாங்க பேரும் இருக்கு, "கல்யாணம்"னு படிக்க முடியுது, அடுத்த வரியில மூணு மாடும் ஒரு பானையும். மீதியை ராத்திரி உக்காந்து படிக்கிறேன். தேவிக்கா, ஆர்ச்டீக்கன் கட்டு மைக்ரோஃபிலிம்ல பாக்கறதுக்கு முன்னாடியே சொல்லி வைக்கணுமா, இல்ல நேரா போயிடலாமா? அடுத்த மாசம் கப்பல் டிக்கெட் போடலாம்னு இருக்கோம், மாமியாரும் வரேன்னு நிக்கிறாங்க.

தேவி_நூலகம்:

முன்னாடியே ஒரு மெயில் போட்டுடு மீனா, பாரிஷ், வருஷம், ரெண்டு பேரையும் அலையஸோட எழுது. மாமியாருக்குப் பெருக்குக் கண்ணாடி எடுத்துட்டுப் போ, ஸ்க்ரீன் வெளிச்சம் ரொம்ப மங்கலா இருக்கும்.